ஒரே ஹெட்போன், இரண்டு பிளக்: வீட்டில் செய்த பழுதுபார்ப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2024 ஜூன் மாதம் சென்னை வேளச்சேரியில் நடந்தது. எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் பெண், ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறார். ஆய்வுக்காக எடுக்கப்படும் பேட்டிகள், கூட்டங்களின் பதிவுகள் என்று ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரம் காதில் ஹெட்போன் இருக்கும். எத்தனை நிமிடப் பதிவை முடித்தார் என்பதைக் கணக்கிட்டுத்தான் கூலி. ஒன்றரை ஆண்டுக்கு முன் 2,200 ரூபாய் கொடுத்து, காதை முழுதாக மூடும் வயர் ஹெட்போன் ஒன்றை வாங்கியிருந்தார். மைக் இல்லாதது. அவருடைய வேலைக்கருவிகளில் லேப்டாப்புக்கு அடுத்து இதுதான் விலை அதிகம்.

அவருக்கு வரும் பேட்டிப் பதிவுகளில் பெரும்பாலானவை இரண்டு மைக் வைத்து எடுக்கப்பட்டவை. கேள்வி கேட்பவர் குரல் இடது காதிலும் பதில் சொல்பவர் குரல் வலது காதிலும் கேட்கும். இந்த ஒரு விவரம் பின்னால் இரண்டு இடங்களில் முக்கியமாகிறது.

நான் மின்னணுப் பொறியாளன் அல்ல. பழைய ரேடியோ, எமர்ஜென்சி விளக்கு, பிள்ளைகளின் பொம்மை என்று கையில் கிடைப்பதைத் திறந்து பார்த்துச் சரிசெய்யும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. ஈயத்தை உருக்கி வயர்களைப் பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றும், வயரில் இணைப்பு இருக்கிறதா என்று அளந்து காட்டும் சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. குடியிருப்பில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் ஹெட்போன் என்னிடம் வந்தது.

என்னிடம் வரும்முன் நடந்தது

முதலில் அவருக்கு ஹெட்போன் மேல் சந்தேகமே வரவில்லை. பதில் சொல்பவரின் குரல் அவ்வப்போது அறுந்து அறுந்து வந்தது. பதிவு எடுத்தவர்கள்தான் சரியாக எடுக்கவில்லை என்று நினைத்து, கேட்காத இடங்களில் 'தெளிவில்லை' என்று குறித்து அனுப்பிவிட்டார். அப்படி நான்கு பதிவுகள் போயின. நான்கும் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டபோதுதான் வலது காது விட்டுவிட்டு வருவது தெரிந்தது. போனில் செருகிப் பார்த்தார், அங்கேயும் அப்படித்தான். ஆகவே லேப்டாப்பில் பழுதில்லை. பிளக்கை ஒட்டி வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால் சத்தம் திரும்பியது. அந்தக் கோணத்திலேயே நிற்கும்படி ரப்பர் பேண்டும் செலோ டேப்பும் சுற்றி இரண்டு வாரம் ஓட்டினார். கடைசியில் எந்தக் கோணத்திலும் வரவில்லை.

தெருமுனையில் இருக்கும் மொபைல் கடையில் காட்டியிருக்கிறார். ஹெட்போன் வேலையெல்லாம் எடுப்பதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அரை மணி நேர வேலைக்கு அவர் என்ன கூலி கேட்க முடியும்?

பார்த்ததும் அளந்ததும்

டேப்பைப் பிரித்ததும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. பிளக்கின் உலோகத் தண்டு லேசாக வளைந்திருந்தது. தண்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் கழுத்தில், வயர் வெளியே வரும் இடத்தில் ஒரு விரிசல் இருந்தது. வளைந்த தண்டைப் பார்த்துவிட்டு, உள்ளே பிளக் உடைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

வெட்டுவதற்கு முன் மீட்டரை எடுத்தேன். இந்த நிகழ்வில் நான் சரியாகச் செய்த காரியம் என்று அதைத்தான் சொல்வேன்.

1979-இல் சோனி வாக்மேன் வந்தபிறகு உலகம் முழுக்கப் பரவிய 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக்கில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். அவை உலோகத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. கூர்முனை இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, எதிலும் செருகாமல், மீட்டரை 200 ஓம் (மின்தடையின் அலகு) அளவில் வைத்து இந்த மூன்று பகுதிகளை இரண்டிரண்டாகத் தொட்டால் உள்ளே எந்த வயர் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முனைக்கும் அடிக்கும் நடுவே 33.4 ஓம் காட்டியது. பெட்டியில் 32 ஓம் என்று போட்டிருந்த ஹெட்போனுக்கு இது சரியான அளவு. மீட்டர் கம்பி தொடும்போது இடது காதை மூடும் கோப்பையில் 'கிரக்' என்று சின்னச் சத்தமும் வந்தது, மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம் ஸ்பீக்கரை அசைப்பதால். வளையத்துக்கும் அடிக்கும் நடுவே வெறும் 1 மட்டும் இடது ஓரத்தில் நின்றது. இந்த வகை மீட்டரில் அதற்கு, இணைப்பே இல்லை என்று பொருள். முனைக்கும் வளையத்துக்கும் நடுவேயும் அதே 1. ஆக இடது வயர் நன்றாக இருக்கிறது, பொது வயர் நன்றாக இருக்கிறது, வலது காதுக்குப் போகும் வயர் மட்டும் எங்கோ அறுந்திருக்கிறது.

எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. மீட்டர் கம்பிகளை வளையத்திலும் அடியிலும் பிடித்துக்கொண்டு, அவரை வயரை ஒவ்வொரு இடமாக வளைக்கச் சொன்னேன். கோப்பைப் பக்கம் வளைத்தபோது ஒன்றுமில்லை. வயர் இரண்டாகப் பிரியும் இடத்திலும் ஒன்றுமில்லை. பிளக் கழுத்தை அழுத்தி முறுக்கியபோது 34 ஒரு நொடி தோன்றி மறைந்தது. அறுந்த இடம் கழுத்துக்குள் இருந்தது. பின்னால் பிளக்கை வெட்டி எடுத்ததும் பிளேடால் ரப்பரைக் கீறிப் பார்த்தேன். சிவப்பு இழைகள் விரிசலுக்கு நேர் கீழே அறுந்து கிடந்தன. தண்டின் வளைவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது அன்று எனக்குப் புரியவில்லை.

வளைந்த தண்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளைந்த பிளக்கைத் தொடர்ந்து செருகிக்கொண்டிருந்தால் ஒரு நாள் முனை ஒடிந்து லேப்டாப்பின் துளைக்குள்ளேயே நின்றுவிடும். அப்புறம் லேப்டாப்பைப் பிரிக்க வேண்டி வரும். ஹெட்போன் சரியாகப் பாடிக்கொண்டிருந்தாலும், தண்டு வளைந்திருந்தால் அதைச் செருகாமல் இருப்பதே நல்லது.

எடுத்த முடிவும் காரணமும்

புதிது வாங்குவதற்கு அந்த மாதம் அவரிடம் பணம் இல்லை. வீட்டில் ஒரு புளூடூத் இயர்போன் கிடந்தது. எழுத்தாக்க வேலையில் ஐந்து நொடி கேட்டு, நிறுத்தி, இரண்டு நொடி பின்னால் போய் மறுபடி கேட்க வேண்டும். புளூடூத்தில் பொத்தானை அழுத்துவதற்கும் சத்தம் வருவதற்கும் இடையே வரும் தாமதம் ஒவ்வொரு முறையும் இடறுகிறது என்று அவர் சொன்னார். பழைய இயர்போன் ஒன்றின் பிளக்கை வயரோடு வெட்டி, நடுவில் ஒட்டுப் போடலாம் என்றும் யோசித்தோம். அப்படிச் செய்தால் வயரின் நடுவில் ஒரு பலவீனமான இடம் உண்டாகும். அந்தப் பழைய வயரும் மெலிதாக இருந்தது.

வயரை உரித்து, முறுக்கி, டேப் ஒட்டினால் போதாதா என்று அவர் கணவர் கேட்டார். நிறையப் பேர் இதைச் செய்துவிட்டுச் சத்தம் வரவில்லையே என்று குழம்புகிறார்கள். ஹெட்போன் வயருக்குள் இருக்கும் தலைமுடி போன்ற செம்பு இழைகள் ஒவ்வொன்றின் மேலும் எனாமல் பூச்சு உண்டு. இழைகளுக்குச் சிவப்பும் பச்சையும் நிறம் தருவது அந்தப் பூச்சுதான். மின்சாரத்தைத் தடுப்பதும் அதுவே. பூச்சை எடுக்காமல் எவ்வளவு முறுக்கினாலும் செம்பும் செம்பும் தொடுவதில்லை.

ஆகவே புதுப் பிளக் வாங்கிப் பற்றவைப்பது என்று முடிவானது. சனிக்கிழமை பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை போய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரான உலோகப் பிளக் ஒன்று 25 ரூபாய்க்கும், ஈயக் கம்பிச் சுருள் ஒன்று 40 ரூபாய்க்கும் வாங்கினேன். கடைப் பையன் முதலில் மூன்று கோடு போட்ட பிளக்கை எடுத்துத் தந்தார். அது மைக் உள்ள இயர்போனுக்கானது, நான்கு பகுதி கொண்டது. பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோயிருந்ததால் கோடுகளை எண்ணிக் காட்டி மாற்றி வாங்க முடிந்தது.

முதல் பழுதுபார்ப்பு

ஞாயிறு காலை, ஜன்னல் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஈயக் கம்பியில் வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் இருக்கிறது. எனாமல் எரியும் புகையும் நல்லதல்ல. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும்.

விரிசலிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி வயரை வெட்டினேன். கழுத்தை ஒட்டிய பகுதியில் அறுபடாத இழைகளும் களைத்திருக்கும் என்பதால் அந்த இடைவெளி. பிளக்கின் மூடியை முதலில் வயரில் கோர்த்துவிட்டேன். இதை மறந்து பற்றவைத்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். பிறகு மேல் உறையை 25 மி.மீ. உரித்தேன். கைக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று அவ்வளவு உரித்தேன். அது தவறு என்று 19 நாள் கழித்துத் தெரிந்தது.

உள்ளே பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, செம்பு நிறத்தில் இரண்டு என நான்கு கட்டுகள் இருந்தன. செம்பு நிறம் இரண்டும் இரு காதுகளின் பொது வயர்கள். பச்சை இடது, சிவப்பு வலது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் நம்பிவிடக் கூடாது. இழைகளுக்கு நடுவே வயருக்குப் பலம் தரும் நைலான் நூல்கள் ஓடுகின்றன. ஈயம் அவற்றில் ஒட்டாது, இழைகளோடு கலந்திருந்தால் பற்றவைப்பையும் கெடுக்கும். அவற்றைப் பிரித்து வெட்டினேன்.

எனாமலை எடுக்கப் பலர் லைட்டர் நெருப்பில் காட்டுவார்கள். இவ்வளவு மெல்லிய இழை அதில் சட்டென்று கருகி ஒடிந்துவிடும் என்பது என் அனுபவம். அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருட்டி நிறுத்தி, சால்டரிங் பேஸ்ட் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தொட்ட இழை நுனியை அந்தச் சொட்டுக்குள் நுழைத்து வைத்திருந்தால் மூன்று நான்கு நொடியில் பூச்சு புகைந்து கழன்று, இழை வெள்ளி போல் பளபளக்கத் தொடங்கும். ஈயம் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸில் முழுதாக உருகிவிடும். பூச்சு கழல அதைவிட நல்ல சூடு வேண்டும். ஆகவே அயர்ன் நன்றாகக் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். நான்கு கட்டுகளையும் இப்படி வெளுத்து வைத்ததும், மீட்டரால் ஒவ்வொன்றையும் தொட்டு எது எந்தக் காது என்று உறுதி செய்துகொண்டேன். பச்சை இடதுதான்.

பிளக்கின் பின்பக்கம் இரண்டு குட்டைத் தகடுகளும் ஒரு நீளத் தகடும் இருக்கும். நீளமானது பொது. அதன் நுனியில் வயரைப் பிடித்துக்கொள்ள இரண்டு கவ்விகள். குட்டைத் தகடுகளில் எது முனைக்கு, எது வளையத்துக்கு என்பது பிளக்குக்குப் பிளக் மாறும். அதையும் மீட்டரில்தான் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் சூட்டில் இளகினால் பிளக்கின் வளையங்கள் இடம் மாறிவிடும். அதற்காகப் பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த ஒரு ஜாக்கில் (பிளக் செருகும் துளை) பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் இளகினாலும் ஜாக் அதை நேராகப் பிடித்துக்கொள்ளும், சூட்டில் கொஞ்சத்தையும் வாங்கிக்கொள்ளும். தகட்டிலும் முன்கூட்டியே ஈயம் பூசி, இழையை வைத்து இரண்டு நொடி தொட்டு எடுத்தேன். மூன்றும் பளிச்சென்று ஒட்டின.

கவ்விகளை மடக்கும்போது மேல் உறை அவற்றை எட்டவில்லை. 25 மி.மீ. உரித்ததன் விளைவு. கவ்விகள் வெறும் இழைகளின் மேல்தான் உட்கார்ந்தன. அழுத்தினால் இழை அறுந்துவிடுமோ என்று பயந்து லேசாக மடக்கி விட்டுவிட்டேன். பொது வயர்கள் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் குட்டையாக, விறைப்பாக நின்றன. அதையும் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூடியைத் திருகி, ஒரு பாட்டும் ஒரு பேட்டியும் போட்டுக் கேட்டோம். இரண்டு காதும் தெளிவாக இருந்தன. அன்று மாலையே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். பற்றவைத்த பிறகு நான் மீட்டரை எடுக்கவில்லை.

19-ஆம் நாள்

காலையில் போன் வந்தது. "அண்ணா, இன்னிக்கு வந்த ஃபைல்ல சத்தமே இல்லை. நேத்து வந்தது நல்லாக் கேக்குது. ஹெட்போன்ல எதுவும் இல்லன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

நானும் அப்படியே நினைத்தேன். நேற்றைய பதிவு இரண்டு காதிலும் கேட்கிறது என்றால் ஹெட்போனில் என்ன பழுது இருக்க முடியும்? பதிவை மறுபடி இறக்கிப் பார்த்தார். வேறு செயலியில் திறந்து பார்த்தார். பதிவில் சத்தம் இல்லை என்று அனுப்பியவர்களுக்கும் எழுதினார். எங்களுக்கு நன்றாகக் கேட்கிறதே என்று பதில் வந்தது. இதில் அரை நாள் போயிற்று. மதியம் ஹெட்போனைக் கழற்றி லேப்டாப் ஸ்பீக்கரிலேயே ஓட்டியபோது குரல் கணீரென்று வந்தது.

நான் மேலே போய் ஹெட்போனை வாங்கி ஒரு திரைப்பாடலைப் போட்டேன். பாடகியின் குரல் இல்லை. வயலின்கள் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் வந்தன. தாளத்தில் பாதி இல்லை. அந்த நொடியில் விஷயம் பிடிபட்டது.

பொது வயர் பிளக்கிலிருந்து கழன்றிருந்தது. ஆனால் இரண்டு காதுகளின் பொது வயர்களையும் நான் சேர்த்து முறுக்கி ஒரே சொட்டில் பற்றவைத்திருந்ததால், அவை ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. இப்போது மின்னோட்டம் இடது வயரில் நுழைந்து, இரண்டு ஸ்பீக்கர்களையும் கடந்து, வலது வயர் வழியாகத்தான் திரும்ப முடியும். இரு பக்கமும் ஒரே ஒலி வந்தால் இரு முனையிலும் ஒரே அளவு அழுத்தம். ஒரு கதவை இருவர் இரு பக்கமிருந்து சமமாகத் தள்ளினால் அது நகராது. அதுபோல மின்னோட்டம் ஓடுவதில்லை, சத்தமும் இல்லை. பாடல்களில் பாடகர் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள், ஆகவே குரல் மறைகிறது. இடதுக்கும் வலதுக்கும் வேறுபடும் ஒலி மட்டும் மிஞ்சுகிறது.

அன்று வந்த பதிவு ஒரே மைக்கில் எடுக்கப்பட்ட கூட்டப் பதிவு. இரு காதுக்கும் ஒரே ஒலி, அதனால் முழு அமைதி. முந்தைய நாள் பேட்டியில் இடது ஒருவர், வலது இன்னொருவர். அது கேட்டது. ஆனால் இருவர் குரலும் இரண்டு காதிலும் கலந்து, சத்தம் குறைந்து கேட்டிருக்கும். கேட்டபோது, ஆமாம், நான்கு நாளாகக் கேள்வி கேட்பவர் இடது பக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, சத்தத்தையும் கூட்டி வைத்தேன் என்றார். பழுது நான்கு நாளுக்கு முன்பே வந்துவிட்டது.

மீட்டரும் அதையே சொன்னது. முனைக்கும் அடிக்கும் நடுவே 1. வளையத்துக்கும் அடிக்கும் நடுவே 1. முனைக்கும் வளையத்துக்கும் நடுவே 67 ஓமுக்குக் கொஞ்சம் கீழே, அதாவது இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து வரும் அளவு.

ஏன் கழன்றது

மூடியைத் திறந்ததும் பொதுத் தகட்டில் ஈயச் சொட்டின் தடம் மட்டும் இருந்தது. முறுக்கிய வயர் சொட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. கவ்விக்குள் இழைகள் வழுக்கி நகர்ந்த அடையாளம் தெரிந்தது. வயரில் விழுந்த இழுப்பு முழுவதும் மேல் உறையில் நிற்காமல் நேராகப் பற்றவைத்த இடத்துக்குப் போயிருக்கிறது. நான்கில் குட்டையான, விறைப்பான வயர்கள் எவையோ அவை முதலில் கழன்றன.

பற்றவைத்த இடத்தின் வேலை மின்சாரத்தைக் கடத்துவது மட்டும்தான். இழுப்பைத் தாங்குவது மேல் உறையும் கவ்வியும் செய்ய வேண்டிய வேலை. இதை நான் முன்பே அறிந்தவன். அறிந்தும் அந்த ஞாயிறன்று ஈயம் பளபளப்பாக ஒட்டியதைப் பார்த்து நிறைவடைந்துவிட்டேன்.

ஆனால் 19 நாளில் கழன்றுபோகும் அளவுக்கு இழுப்பு எங்கிருந்து வந்தது? வேலை செய்யும்போது எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டேன். அவர் கட்டிலில் சம்மணம் போட்டு அமர்ந்து, தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக் காட்டினார். பிளக் செருகும் துளை வலது பக்கம். நேரான பிளக் நான்கு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நேராக அவர் தொடையில் இடித்து நின்றது. அவர் அசையும் ஒவ்வொரு முறையும் தொடை பிளக்கை மேலே தள்ளுகிறது. வயர் கழுத்திலேயே மடிகிறது. பழைய பிளக்கின் தண்டு வளைந்ததும், கழுத்தில் விரிசல் விட்டதும், சிவப்பு இழை அறுந்ததும் இந்த ஓர் இடத்திலிருந்துதான். போதாததற்கு மூன்று வயதுப் பிள்ளை அம்மாவின் மடிக்கு வரும்போதெல்லாம் அந்த வயரைப் பிடித்துத்தான் ஏறுகிறது.

நான் பிளக்கை மாற்றினேனே தவிர, பிளக்கை உடைத்தது எதுவோ அது அப்படியே இருந்தது.

இரண்டாவது பழுதுபார்ப்பு

மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். இந்த முறை எல் வடிவப் பிளக், 45 ரூபாய். வயர் பக்கவாட்டில் நீட்டாமல் லேப்டாப்பின் ஓரத்தை ஒட்டியே பின்பக்கம் போகும். கூடவே, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் சில அளவுகளில், 25 ரூபாய்க்கு.

வயரைப் புதிதாக வெட்டி, மேல் உறையை 12 மி.மீ. மட்டும் உரித்தேன். இவருடைய வயர் 2 மி.மீ. தடிமன்தான், பிளக்கின் கவ்வியோ அதைவிடத் தடித்த வயருக்குச் செய்தது. அதனால் மேல் உறையின் நுனியில் ஹீட் ஷ்ரிங்க் குழாயை இரண்டு அடுக்காகச் சுருக்கி ஒட்டித் தடிமனைக் கூட்டினேன். கவ்வி அதன்மேல் இறுக்கமாக உட்கார்ந்தது. குறடால் பயமில்லாமல் அழுத்த முடிந்தது. உள்ளே நான்கு வயர்களையும் சற்றுத் தளர்வாக வளைத்துவிட்டுப் பற்றவைத்தேன், வெளியே இழுத்தாலும் உள்ளே எதுவும் விறைக்காதபடி. உலோக மூடி தகடுகளைத் தொடாமல் இருக்க, பிளக்கோடு வந்த சிறு பிளாஸ்டிக் உறையை மறக்காமல் நுழைத்தேன்.

பழைய பேனாவின் ஸ்பிரிங்கை வயரின் கழுத்தில் சுற்றலாமே என்று அவர் கணவர் கேட்டார். பலரும் செய்யும் உபாயம் அது, தவறில்லை. அது வயர் கூர்மையாக மடிவதைத் தடுக்கும். இழுப்பைத் தாங்காது. எங்கள் தொல்லை இழுப்பு. ஆகவே அதை விட்டுவிட்டு, வெளிப்பக்கம் மூன்று செ.மீ. நீளத்துக்கு இன்னொரு ஹீட் ஷ்ரிங்க் மட்டும் போட்டேன்.

மூடும் முன்பே சோதனை. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வயரில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி ஒரு நிமிடம் தொங்கவிட்டேன். பிறகு மீட்டர். முனைக்கும் அடிக்கும் 33.4, வளையத்துக்கும் அடிக்கும் 33.8, முனைக்கும் வளையத்துக்கும் 66.9. கழுத்தை நான்கு திசையிலும் வளைத்தபோதும் எண்கள் அசையவில்லை. அதற்கப்புறம் மூன்று பதிவுகள்: இடது மட்டும் ஒலிப்பது, வலது மட்டும் ஒலிப்பது, இரண்டிலும் ஒன்றே ஒலிப்பது. மூன்றாவதற்கு, சத்தமே இல்லை என்று அவர் சொன்ன அந்தக் கூட்டப் பதிவையே போட்டோம்.

வேலை செய்யும் இடத்தையும் மாற்றினோம். பெரிய பிள்ளை படிக்கும் மடக்கு மேசையைப் பகலில் அவர் எடுத்துக்கொண்டார். தரையில் அமர்ந்து, லேப்டாப்பை மேசையில் வைத்து, வயரை மேசைக் காலில் ஒரு துணி நாடாவால் தளர்வாகக் கட்டியிருக்கிறார். சின்னவன் இழுத்தால் மேசைக்கால்தான் தாங்கும்.

தொடர்ந்து நடந்தது

எட்டு மாதம் கழித்து இதை எழுதும்போது அதே பிளக் வேலை செய்கிறது. மூன்றாவது மாதமும் ஏழாவது மாதமும் அளந்து பார்த்தேன், அதே எண்கள். எல் வடிவப் பிளக் வந்ததிலிருந்து தண்டில் வளைவு இல்லை.

இரண்டு முறைக்கும் சேர்த்து ரயில் கட்டணம் நீங்கலாக 135 ரூபாய் செலவு. ஆனால் அவருக்கு ஆன இழப்பு அதைவிட அதிகம். திரும்பி வந்த நான்கு பதிவுகளையும் கூலியில்லாமல் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அந்த மாதப் பணம் ஒரு வாரம் தள்ளி வந்தது. நல்ல பதிவை 'சத்தமே இல்லை' என்று எழுதி அனுப்பியது அவருக்குப் பல நாள் உறுத்தலாக இருந்தது. அந்த அரை நாளை என் மீட்டர் இரண்டே நிமிடத்தில் மிச்சப்படுத்தியிருக்கும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பற்றவைத்து முடித்ததும் காதால் கேட்பதற்கு முன் மூன்று அளவுகளையும் எடுப்பேன், வயரை இழுத்துப் பிடித்துக்கொண்டு. முதல் ஞாயிறன்றே பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தால் அந்தப் பொது வயர் என் கண்ணெதிரே கழன்றிருக்கும்.

பொது வயர்கள் இரண்டையும் முறுக்கி ஒரே சொட்டில் வைப்பதற்குப் பதிலாக, இடம் இருந்தால் தனித்தனியாகப் பற்றவைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஒன்று கழன்றாலும் ஒரு காது மட்டும் போகும், பழுது உடனே தெரியும். எட்டு மாதமாக நன்றாக ஓடும் பிளக்கை இதற்காகத் திறக்க மனமில்லை. அடுத்த ஹெட்போனில் செய்து பார்ப்பேன்.

அவரைப் போல நாள் முழுக்கக் கேட்டு வேலை செய்பவர்களிடம், ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன் வயரை லேப்டாப்பில் நிரந்தரமாகச் செருகி வைத்து, ஹெட்போனை அதில் செருகச் சொல்கிறேன். இழுப்பு வந்தால் அந்த இணைப்பில் கழன்றுகொள்ளும். தேய்ந்தால் தூக்கிப் போடுவது அந்தச் சிறு வயரைத்தான்.

காலை வேலை தொடங்கும் முன் அவர் இப்போது கூட்டப் பதிவின் முதல் பத்து நொடியை ஓட்டிக் கேட்கிறார். அது அவரே கண்டுபிடித்த வழக்கம்.

அப்புறம், ஹெட்போனைக் கையில் வாங்கிய அன்றே, இதைப் போட்டுக்கொண்டு எங்கே, எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டிருப்பேன். 25 ரூபாய் நேர் பிளக்கை வாங்கியே இருக்க மாட்டேன்.